இங்கிலாந்து பிஷப் குடும்பத்தைத் தேடுவது எப்படி? மருமகனைப் பிடியுங்கள்

பழைய கடிதம் ஒன்று கைக்கு வருகிறது. அடியில் ஒரு சின்னச் சிலுவை, பக்கத்தில் 'ரேண்டல் கேன்டுவார்' என்று கையெழுத்து. உடனே கேன்டுவார் என்ற குடும்பத்தைத் தேட உட்கார்ந்துவிடாதீர்கள், அப்படி ஒரு குடும்பமே கிடையாது. இங்கிலாந்துத் திருச்சபையில் பிஷப் ஆனவர் கையெழுத்துப் போடும்போது குடும்பப் பெயரை விட்டுவிட்டு, தன் திருமண்டலத்தின், அதாவது தன் பொறுப்பில் உள்ள பகுதியின், லத்தீன் பெயரைச் சுருக்கிச் சேர்த்துக்கொள்வார். கேன்டுவார் என்றால் கேன்டர்பரி. எபோர் என்றால் யார்க். டனெல்ம் டர்ஹாம், வின்டன் வின்செஸ்டர், சாரம் சாலிஸ்பரி, ராஃபன் ராசெஸ்டர், எக்சன் எக்ஸிடர். மேலே சொன்ன ரேண்டல், ரேண்டல் டேவிட்சன். அவரே 1891-இல் ராசெஸ்டர் பிஷப் ஆனார், 1895-இல் வின்செஸ்டருக்கு மாறினார், 1903-இல் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஆனார். ஆக ஒரே மனிதருக்கு மூன்று கையெழுத்து. இது தெரியாமல் மூன்று ஆள் என்று நினைத்து மூன்று கோப்பு திறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நானும் யோக்கியன் இல்லை. ஒரு கடிதத்தின் நகலை வைத்துக்கொண்டு, கையெழுத்து செஸ்டர் திருமண்டலத்துடையது என்று முடிவுகட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செஸ்டர் பிஷப்களின் பட்டியலைக் கிளறினேன். அந்தப் பெயரில் அங்கே யாருமே இல்லை. சாயங்காலம் நகலைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, காகிதம் மடிந்த இடத்தில் முதல் இரண்டு எழுத்து தேய்ந்து போயிருந்தது. அது சிசெஸ்டர். இரண்டு ஊருக்கும் கையெழுத்துச் சுருக்கம் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்று வடமேற்கில், மற்றது தெற்குக் கடலோரம்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் சி.எஸ்.ஐ.காரர்கள் பேராயர் என்றால் பிஷப்பைச் சொல்கிறார்கள், கத்தோலிக்கர்கள் பேராயர் என்றால் ஆர்ச்பிஷப்பைச் சொல்கிறார்கள். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் பிஷப், ஆர்ச்பிஷப் என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

முதலில் ஆள் எந்தப் படியில் இருந்தார் என்று பாருங்கள்

மேலே இரண்டு ஆர்ச்பிஷப்கள்: கேன்டர்பரி, யார்க். அதற்கடுத்து திருமண்டல பிஷப்கள். இப்போது ஐரோப்பாவுக்கானதையும் சேர்த்து 42 திருமண்டலங்கள். அவர்களுக்கு உதவியாக சஃப்ரகன் பிஷப்கள். கதீட்ரலின், அதாவது திருமண்டலத்தின் தலைமை ஆலயத்தின், பொறுப்பில் இருப்பவர் டீன். திருமண்டலத்தின் ஒரு பகுதிக்கு நிர்வாகப் பொறுப்பில் இருந்து, கட்டடம் ஒழுகுகிறதா, கணக்கு சரியா, குருமார் ஒழுங்காக இருக்கிறார்களா என்று பார்ப்பவர் ஆர்ச்டீக்கன். கதீட்ரல் குழுவில் இருப்பவர்கள் கேனன்கள்.

இதில் சஃப்ரகன்தான் ஆளைக் கவிழ்ப்பவர். டோவர் பிஷப் என்று ஒரு பட்டம் வரும், நீங்கள் டோவர் திருமண்டலத்தின் ஆவணங்களைத் தேடுவீர்கள், அப்படி ஒரு திருமண்டலமே இல்லை. டோவர் பிஷப் கேன்டர்பரி திருமண்டலத்துக்குள் வேலை பார்ப்பவர். சஃப்ரகன்களை நியமிக்க 1534-லேயே சட்டம் இருந்தாலும் நடுவில் நெடுங்காலம் யாரையும் போடவில்லை, 1870-இல்தான் டோவர், நாட்டிங்ஹாம் இரண்டையும் வைத்து மறுபடி தொடங்கினார்கள். அதனால் 1750 வாக்கில் வாழ்ந்த தாத்தா சஃப்ரகன் பிஷப் என்று யாராவது குடும்பக் கதை சொன்னால், காப்பியைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, கதையை மட்டும் நம்பாதீர்கள்.

அப்புறம் வேலையின் வரிசை

பிஷப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். நிஜமாகவே சுலபம். இவ்வளவு காகிதம் விட்டுச்சென்ற தொழில் வேறு இல்லை. 1540 முதல் 1835 வரை என்றால் இங்கிலாந்துத் திருச்சபைக் குருமார் தரவுத்தளம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது, எங்கே யார் கையால் அபிஷேகம் பெற்றார், எந்தப் பங்குக்கு எப்போது போனார் என்று வரிசையாகக் கொடுக்கும். 1858-க்குப் பிறகு என்றால் க்ராக்ஃபோர்ட் குருமார் விவரத்தொகுப்பு. கதீட்ரல் பதவிகளுக்கு ஃபாஸ்டி எனப்படும் பட்டியல் வரிசை. அதன் பெரும்பகுதியை பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் படிக்கலாம். கேம்பிரிட்ஜில் படித்தவர் என்றால் வென் தொகுத்த மாணவர் பட்டியல், ஆக்ஸ்ஃபோர்ட் என்றால் ஃபாஸ்டர் தொகுத்தது. இந்த இரண்டு பட்டியலிலும் தகப்பனார் பெயர் பல இடங்களில் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கேன்டர்பரி ஆர்ச்பிஷப்புக்குத் தாமாகவே பட்டம் வழங்கும் உரிமை உண்டு, 1533-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது, லண்டனில் அவருடைய அரண்மனை இருக்கும் லாம்பெத்தின் பெயரால் அதற்கு லாம்பெத் பட்டம் என்று பெயர். உங்கள் ஆள் பெயருக்குப் பின்னால் டாக்டர் பட்டம் இருந்து, எந்தப் பல்கலைக்கழகப் பட்டியலிலும் அது இல்லை என்றால், பொய் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டுவதற்கு முன் லாம்பெத்தைப் பாருங்கள்.

தேதிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு பிஷப் எப்போது பிஷப் ஆனார் என்று மூன்று புத்தகத்தில் பார்த்தால் மூன்று தேதி இருக்கும், மூன்றும் சரியாகவே இருக்கலாம். அரசர் பெயரை அறிவிக்கிறார், கதீட்ரல் குழு அவரைத் தேர்ந்தெடுப்பதாகச் சடங்கு செய்கிறது, அந்தத் தேர்வு உறுதிசெய்யப்படுகிறது, ஏற்கெனவே பிஷப் இல்லை என்றால் அபிஷேகம் நடக்கிறது, கடைசியில் கதீட்ரலில் அரியணையில் அமர்த்துகிறார்கள். இதற்கெல்லாம் சில மாதங்கள் ஆகும். எந்தத் தேதியை எடுத்தீர்கள் என்று குறிப்பில் எழுதி வைத்தால் போதும். 1752-க்கு முந்தைய ஆவணம் என்றால் இன்னொரு சிக்கல், அப்போது இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். யார்க் ஆர்ச்பிஷப் டோபி மேத்யூ 1628 மார்ச் 29-இல் இறந்தார். ஒரு வாரம் முன்பே இறந்திருந்தால் அந்தக் காலத்து எழுத்தர் 1627 என்று எழுதியிருப்பார்.

இனிதான் கஷ்டம்: வீட்டுக்காரம்மா

க்ராக்ஃபோர்டைப் புரட்டினால் ஆள் எந்த ஊரில் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை இருந்தார் என்று தெரியும், கல்யாணமானவரா என்பதே தெரியாது. மனைவி, பிள்ளைகள் எதுவும் அதில் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் குருவானவரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் கூப்பிடுகிறோம், கணவர் பதவியில் பாதி அந்த அம்மாவுக்கும் சேர்ந்துவிடுகிறது. இங்கிலாந்தில் அது இல்லை. பிஷப் 'மை லார்ட்' என்று அழைக்கப்பட்ட காலத்திலும் அவர் மனைவி வெறும் மிஸஸ் இன்னார்தான். அதனால் பிஷப்பம்மாவைத் தேடும்போது பட்டத்தை வைத்துத் தேடாதீர்கள், குடும்பப் பெயரை வைத்துத் தேடுங்கள். கணவர் கையெழுத்தில் மறைத்துவைத்த அதே குடும்பப் பெயர்தான்.

இந்த அலட்சியத்துக்கு வரலாறு இருக்கிறது. குருமார் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்ததே 1549-இல், ஆறாம் எட்வர்ட் காலத்தில். அதற்கு முன்பே தாமஸ் க்ரான்மர் 1532-இல் ஜெர்மனியில் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டு, அடுத்த வருடமே கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பும் ஆகி, மனைவியைப் பல வருடம் வெளியில் தெரியாமல் வைத்திருந்தார். 1553-இல் கத்தோலிக்க ராணி மேரி வந்ததும் சட்டம் போயிற்று. எலிசபெத் காலத்தில் கல்யாணத்தைப் பொறுத்துக்கொண்டார்கள், ஆனால் ராணிக்குப் பிடிக்கவில்லை, 1561-இல் கதீட்ரல் வளாகங்களிலும் கல்லூரிகளிலும் மனைவிமார் தங்கக்கூடாது என்றே ஆணை போட்டார். பழைய சட்டத்துக்கு முழு உயிர் வந்தது ஜேம்ஸ் அரசர் காலத்தில், 1604-இல். இந்த அரை நூற்றாண்டில் ஒரு பிஷப்பின் கல்யாணப் பதிவு உங்களுக்குக் கிடைக்காவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள். மேத்யூ பார்க்கர், எலிசபெத்தின் முதல் கேன்டர்பரி ஆர்ச்பிஷப், மார்கரெட்டைக் கல்யாணம் செய்தது 1547-இல், சட்டம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே.

அங்கிருந்துதான் நான் எல்லாரிடமும் சொல்லும் விஷயம் தொடங்குகிறது: பிஷப் குடும்பத்தைத் தேடும்போது மகன்களின் பின்னால் போகாதீர்கள், மகள்களின் பின்னால் போங்கள், மருமகன் யார் என்று பாருங்கள். வில்லியம் பார்லோ என்று ஒரு பிஷப், கடைசியில் சிசெஸ்டரில் இருந்தார். அவருக்கு ஐந்து மகள்கள். ஐந்து பேரின் கணவர்களும் பிஷப் ஆனார்கள். ஹெர்பர்ட் வெஸ்ட்ஃபாலிங் ஹெரஃபர்டுக்கு, வில்லியம் ஓவர்டன் காவென்ட்ரி லிச்ஃபீல்டுக்கு, வில்லியம் டே, வில்லியம் விக்கம் இருவரும் அடுத்தடுத்து வின்செஸ்டருக்கு. ஐந்தாவது மகள் ஃப்ரான்செஸ். அவருக்கு முதல் கணவர் ஆர்ச்பிஷப் பார்க்கரின் மகன். அவர் இறந்தபின் டோபி மேத்யூவைக் கட்டினார், அவர் பிறகு யார்க் ஆர்ச்பிஷப். யார்க் மின்ஸ்டரில், அதாவது யார்க் கதீட்ரலில், ஃப்ரான்செஸின் நினைவுக்கல்லில் இதையே செதுக்கி வைத்திருக்கிறார்கள்: அப்பா பிஷப், மாமனார் ஆர்ச்பிஷப், சகோதரிகளின் கணவர்கள் நான்கு பேர் பிஷப், கணவர் ஆர்ச்பிஷப். ஒரு குடும்ப மரம் முழுவதும் ஒரே கல்லில். டோபி மேத்யூவின் மகன்களைப் பிடித்துப் போயிருந்தால் இது எதுவும் கிடைக்காது. மூத்த மகன் கத்தோலிக்கராகி அப்பா அம்மாவின் மனதை நோகடித்தவர். கணவர் விட்டுப்போன 3,000-க்கும் மேற்பட்ட புத்தகங்களை மின்ஸ்டர் நூலகத்துக்குக் கொடுத்தவரும் இந்த அம்மாதான்.

ஒரு குடும்பத்தை முழுசாகப் பிரித்துப் பார்ப்போம்

கார்லைல் கதீட்ரலுக்குப் போனால் வடக்குப் பக்கச் சிறகில் ஒரு பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல். அது ஐந்து சிறுமிகளின் நினைவாக வைத்தது. 1856-இல் அங்கே டீனாக இருந்தவர் ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெல் டெய்ட். அந்த மார்ச் தொடக்கத்தில் வீட்டுக்குள் ஸ்கார்லெட் காய்ச்சல் புகுந்தது. ஏறக்குறைய ஐந்து வாரத்தில் ஐந்து மகள்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். தப்பியது மகன் க்ராஃபர்டும், பிப்ரவரியில்தான் பிறந்திருந்த லூசி என்ற கைக்குழந்தையும். நீங்கள் இந்தக் குடும்பத்தை 1861 மக்கள்தொகைக் கணக்கில் மட்டும் பார்த்தால் நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்று புரியாது. அதனால் பிள்ளைகளின் வயதுக்கு நடுவில் ஐந்தாறு வருடம் வெறுமையாக இருந்தால் உடனே அடக்கப் பதிவேட்டைப் பாருங்கள், அதுவும் கதீட்ரலில் மட்டும் பார்க்காதீர்கள். டெய்ட் பிள்ளைகளை அடக்கம் செய்தது ஊருக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் ஸ்டானிக்ஸ் ஆலயத் தோட்டத்தில்.

அதே வருடம் டெய்ட் லண்டன் பிஷப் ஆனார், 1868-இல் கேன்டர்பரி. நடுவில் 1858-இல் எடித் என்று ஒரு மகள் பிறந்தாள். மகன் க்ராஃபர்டும் குருவாகி அப்பாவிடம் சாப்ளின், அதாவது கூடவே இருந்து கடிதப் போக்குவரத்து முதல் எல்லாவற்றையும் பார்க்கும் உதவிக் குருவாக இருந்தார். அவர் விலகியதும் 1877-இல் அந்த இடத்துக்கு வந்தவர் க்ராஃபர்டின் நண்பர், ரேண்டல் டேவிட்சன். 1878 மே மாதம் க்ராஃபர்ட் இறந்தார். நவம்பரில் டேவிட்சனுக்கும் எடித்துக்கும் கல்யாணம். டிசம்பர் முதல் தேதி எடித்தின் அம்மா கேத்தரின் இறந்தார். ஒரே வருடத்தில் ஒரு சாவு, ஒரு கல்யாணம், இன்னொரு சாவு.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பிஷப் வீட்டு மக்கள்தொகைக் கணக்குத் தாளில் சமையல்காரர், வண்டிக்காரர், பணிப்பெண்கள் வரிசைக்கு நடுவில் சாப்ளின் என்று ஓர் இளைஞர் பெயர் இருந்தால், அதை அடிக்கோடிட்டு வையுங்கள். பத்து வருடம் கழித்து அவர் பெரிய இடத்தில் இருப்பார், அந்த வீட்டு மாப்பிள்ளையாகவும் இருக்கலாம். டேவிட்சன் 1903 முதல் 1928 வரை கேன்டர்பரி ஆர்ச்பிஷப். எடித்தைப் பாருங்கள்: பத்து வயதில் மகளாக லாம்பெத் அரண்மனைக்குப் போனவர், அப்பா 1882-இல் இறந்ததும் வெளியே வந்தவர், 21 வருடம் கழித்து எஜமானியாக அதே வாசலில் மறுபடி நுழைந்தார். பட்டியலில் இவர் பெயர் எங்கும் இருக்காது. ஆனால் டெய்ட் ஆட்சிக்கும் டேவிட்சன் ஆட்சிக்கும் நடுவில் இருக்கும் பாலம் இவர்தான்.

இன்னும் முடியவில்லை. டெய்ட்டுக்கு அடுத்து வந்தவர் எட்வர்ட் வைட் பென்சன், 1883 முதல் 1896 வரை. அவர் முதலில் வெலிங்டன் கல்லூரியின் தலைமையாசிரியர், பிறகு புதிதாக உருவான ட்ரூரோ திருமண்டலத்துக்கு 1877-இல் முதல் பிஷப். பிள்ளைகள் ஆறு பேர், அதில் ஆர்தர், ஃப்ரெட், ஹியூ மூவரும் வெலிங்டனிலேயே பிறந்தவர்கள். பிறந்த ஊர்ப் பத்தியை மட்டும் பார்த்தாலே அப்பா அந்த வருடத்தில் எங்கே வேலை பார்த்தார் என்று சொல்லிவிடலாம், எல்லாக் குருமார் குடும்பத்துக்கும் இது பொருந்தும். மனைவி மேரி, தத்துவ அறிஞர் ஹென்றி சிட்விக்கின் தங்கை. பென்சன் பெண் கேட்டபோது அந்தப் பெண்ணுக்கு 12 வயது, கல்யாணம் 18 வயதில். என்னால் இதைச் சாதாரணமாகப் படித்துக் கடக்க முடிந்ததில்லை.

1889-இல் அந்த வீட்டுக்கு லூசி டெய்ட் வந்து சேர்ந்தார். 1856-இல் தப்பிய அதே கைக்குழந்தை. முந்தைய ஆர்ச்பிஷப்பின் மகள், தான் வளர்ந்த அதே லாம்பெத் வீட்டுக்கு, அடுத்த ஆர்ச்பிஷப்பின் மனைவிக்குத் துணையாக. பென்சன் இறந்தபிறகும் மேரி 1918-இல் இறக்கும்வரை இருவரும் சேர்ந்தே வாழ்ந்தார்கள். இது எந்த வாரிசுப் பட்டியலிலும் வராது, ரத்த உறவு இல்லையே. மக்கள்தொகைத் தாளில் வேறு குடும்பப் பெயரோடு யாராவது இருந்தால் விருந்தாளி என்று தாண்டிப்போகாமல், அடுத்த பத்து வருடத் தாளிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பென்சனின் ஆறு பிள்ளைகளில் மார்ட்டின் 17 வயதில் இறந்தார், நெல்லி 1890-இல் இறந்தார், மார்கரெட் எகிப்தில் கர்னாக் பக்கம் மூத் தேவியின் கோயிலை அகழ்ந்தவர், ஹியூ கத்தோலிக்கக் குருவாகவே ஆகிவிட்டார், ஆர்தரும் ஃப்ரெட்டும் எழுத்தாளர்கள். யாரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பேரன் பேத்தி கிடையாது. ஆகவே யாராவது தன்னை ஆர்ச்பிஷப் பென்சனின் நேரடி வாரிசு என்று சொன்னால் பணிவாகச் சிரித்துவிட்டு வந்துவிடலாம். டேவிட்சனுக்கும் பிள்ளைகள் இல்லை.

கணவர் இறந்த மறுநாள்

பிஷப்பின் அரண்மனை பதவியோடு வருவது, பதவியோடு போவது. பென்சன் 1896 அக்டோபரில், முன்னாள் பிரதமர் க்ளாட்ஸ்டன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போன இடத்தில், ஹாவர்டன் ஆலயத்தில் ஆராதனை நடக்கும்போதே இறந்தார். மேரிக்கு லாம்பெத்தும் போயிற்று. அந்தக் குளிர்காலம் எகிப்து, பிறகு வின்செஸ்டர், அதற்குப் பிறகு சசெக்ஸில் ட்ரெமன்ஸ் என்ற வீடு. நம் ஊரில் ஐயர் மாற்றலானால் பங்களாவைக் காலிசெய்து சாமான் ஏற்றுகிற மாதிரிதான். விதவையை அடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அதே ஊரில் தேடிக் காலத்தை வீணாக்காதீர்கள். பெரிய குடும்பம் என்றால் மகள் வீட்டில் பாருங்கள். கையில் காசில்லாத குருமார் விதவைகளுக்கு 1666-இல் ராசெஸ்டர் பிஷப் ஜான் வார்னரின் உயிலால் உருவான ப்ராம்லி கல்லூரி இருந்தது, பெயர்தான் கல்லூரி, அது விதவைகள் குடியிருப்பு.

உயில்தான் குடும்பத்துக்கு நல்ல சாட்சி. 1858 ஜனவரிக்கு முன்பு பிஷப்களின் உயில்கள் பெரும்பாலும் கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பின் நீதிமன்றத்தில் பதிவாகும், இப்போது லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் 'ப்ராப் 11' என்ற வரிசை. வடக்கத்தி ஆட்கள் என்றால் யார்க்கில் பார்த்விக் நிறுவனம். 1858-க்குப் பிறகு நாடு முழுவதற்கும் ஒரே அட்டவணை. உயிலில் மகன்களுக்கு எவ்வளவு என்பதைவிட, உயிலை நிறைவேற்றும் எக்ஸிக்யூட்டராக யாரைப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள், பாதி நேரம் மருமகன்தான். கல்யாணமான மகளின் புதுக் குடும்பப் பெயர் அங்கேயே வந்துவிடும். கல்யாணச் செய்தி, மரணச் செய்திக்கு 1863-இலிருந்து வரும் சர்ச் டைம்ஸ் பத்திரிகை, அரசு நியமன அறிவிப்புக்கு லண்டன் கெசட். கடிதங்களுக்கு லாம்பெத் பேலஸ் நூலகம். டெய்ட், பென்சன், டேவிட்சன் மூவரின் அலுவல் கடிதங்களும் அங்கேதான். முதலில் இணையப் பட்டியலில் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், பேனாவை வீட்டில் வைத்துவிடுங்கள், பென்சில்தான் அனுமதி.

மதராஸ் பிஷப்கள்

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தேடுகிறவர்கள் பலர் இந்த வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். மதராஸ் திருமண்டலம் 1835-இல், திருநெல்வேலி 1896-இல். 1930-இல் இந்தியத் திருச்சபை தனியாகும்வரை இவர்களெல்லாம் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆட்களே, அதனால் மேலே சொன்ன கருவிகள் இங்கேயும் வேலை செய்யும். கூடுதலாக ஒன்று: மதராஸ் மாகாண ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இவற்றின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்களில் 'என்/2' வரிசையில் இருக்கின்றன. 1899 முதல் 1922 வரை மதராஸ் பிஷப்பாக இருந்த ஹென்றி வைட்ஹெட்டைத் தேடினால், அவர் தம்பி கணிதமும் தத்துவமும் எழுதிய ஆல்ஃப்ரெட் நார்த் வைட்ஹெட் என்று தெரியவரும். இங்கே அதிசயமாக ஆண்வழியே பலன் தந்தது.

1877-இல் பிஷப்பாக அபிஷேகம் பெற்ற கால்டுவெல்லுக்கு என் வழி அப்படியே பொருந்துகிறது. மனைவி எலைசா, நாகர்கோவில் மிஷனரி சார்ல்ஸ் மால்ட்டின் மகள். அதாவது இடையன்குடியில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவருக்கு மாமனார் வீடு நாகர்கோவில், மாமனார் வேறு சபையின் மிஷனரி. கால்டுவெல் இறந்தபிறகு அவருடைய நினைவுக்குறிப்புகளைத் தொகுத்து 1894-இல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் ஜே.எல். வயாட், அவருடைய மருமகன்.

உயிரோடு இருப்பவர்களிடம்

இப்போது பதவியில் இருப்பவரைப் பற்றி என்றால் வேலை வரிசையோடு நின்றுகொள்ளுங்கள். குடும்பத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், தோண்டக்கூடாது. ஜஸ்டின் வெல்பி கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பாக இருந்தபோது, 2016-இல், தன் உண்மையான தகப்பன் தான் நினைத்திருந்தவர் இல்லை, சர்ச்சிலின் செயலராக இருந்த ஆந்தனி மாண்டேக் பிரவுன் என்று டி.என்.ஏ. சோதனையில் தெரிந்துகொண்டார். பிரவுனின் மனைவி பத்திரமாக வைத்திருந்த தலைவாரும் பிரஷ்ஷில் ஒட்டியிருந்த முடியை வைத்துச் சோதித்தார்கள். அவரே வெளியில் சொன்னதால் நாம் எழுதலாம். வேறொருவர் விஷயத்தில் நாமாக அந்தப் பிரஷ்ஷைத் தேடிப் போகக்கூடாது.

எழுதிக் கேட்பதென்றால் உறையின்மேல் பிஷப்புக்கு 'ரைட் ரெவரெண்ட்', ஆர்ச்பிஷப்புக்கு 'மோஸ்ட் ரெவரெண்ட்', டீனுக்கு 'வெரி ரெவரெண்ட்', ஆர்ச்டீக்கனுக்கு 'வெனரபிள்'. உள்ளே அவ்வளவு சடங்கு வேண்டாம், 'டியர் பிஷப்' போதும். 2015 ஜனவரியில் லிபி லேன் ஸ்டாக்போர்ட் பிஷப் ஆனதிலிருந்து பெண்களும் பிஷப்களாக இருக்கிறார்கள், 2025 அக்டோபரில் கேன்டர்பரிக்கே சேரா முலாலி பெயர் அறிவிக்கப்பட்டது. அவர்களுக்கும் இதே பட்டங்கள்தான். கணவருக்கு, முன்பு மனைவிமாருக்கு இல்லாதது போலவே, ஒன்றும் இல்லை, மிஸ்டர் இன்னார் என்று எழுதுங்கள். பதில் வந்தால் கையெழுத்தின் முன்னால் அந்தச் சின்னச் சிலுவை இருக்கிறதா பாருங்கள், அதற்கப்புறம் வருவது ஊர்ப் பெயர்.